தொட்டியை வாங்குமுன் தூக்குகிறவரைக் கேளுங்கள்

(நமது அறக்கட்டளையின் சார்பில் அடுக்குமாடிக் குடியிருப்போருக்காக நடத்தப்பட்ட நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



கல்வி உதவி, மருத்துவ உதவி, விதவையர் உதவித்தொகை என்று பேசி வந்த மேடையில் இன்று குப்பைத் தொட்டியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிலர் முகத்தில் சிரிப்பு தெரிகிறது. பரவாயில்லை. அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் அண்மைக் காலமாக ஒரே மாதிரியான கோரிக்கை ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. "எங்கள் குடியிருப்புக்குப் பெரிய டிரம் ஒன்று வாங்கித் தாருங்கள்" என்பதுதான் அது. எல்லா மனுவிலும் அந்தப் 'பெரிய' என்ற சொல் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பற்றித்தான் இன்றைய பேச்சு.

மண்ணடி, இராயபுரம், திருவல்லிக்கேணி, புதுப்பேட்டை பக்கமுள்ள நம் குடியிருப்புகள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நான்கு மாடி, லிஃப்ட் பாதி இடத்தில் இருக்காது. கீழே பைக் நிறுத்தும் இடம். அதன் ஓரத்தில் மின்சார மீட்டர் பெட்டிகள், தரையடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி, மோட்டார். மிச்சமிருக்கும் மூலையில் ஒரு நீல நிற டிரம், 200 லிட்டர். ஏதோ கெமிக்கல் வந்து, காலியான பிறகு பழைய சாமான் கடையில் வாங்கியது. மூடி கிடையாது, கைப்பிடி கிடையாது, சக்கரம் கிடையாது. இருபது வீட்டுக் குப்பையும் அதில்தான். காலையில் தூய்மைப் பணியாளர் வருகிறார். பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்மணி. அவரால் அதைச் சாய்க்க முடியாது, தூக்கவும் முடியாது. ஆகவே குனிந்து, தோள் வரை கையை உள்ளே விட்டு அள்ளுகிறார். அந்தக் கைக்கு என்னென்ன அகப்படுகிறது? நேற்றைய ஆணம், மீன் செதில், குழந்தையின் டயபர், உடைந்த கண்ணாடிக் கிளாஸ், இன்சுலின் ஊசி.

இன்சுலின் ஊசியை வேண்டுமென்றேதான் சொல்கிறோம். சர்க்கரை நோய் இல்லாத வீடு நம் தெருக்களில் எத்தனை இருக்கிறது என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அந்த முனை எங்கோ போகிறது. பயன்படுத்திய ஊசி குத்தினால் மஞ்சள் காமாலை வைரஸ் கூடப் பரவும். நம் வீட்டு ஊசி இன்னொரு வீட்டுத் தாயின் விரலில் ஏறுவதற்கு அந்த டிரம்தான் பாதை போட்டுக் கொடுக்கிறது.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்ற நபிமொழி நம் பிள்ளைகள் மதரஸாவில் முதல் வகுப்பிலேயே படிப்பது. தொல்லையை ஒரு டிரம்மில் போட்டு இன்னொருவர் கைக்கு மாற்றிவிட்டு, அகற்றிவிட்டோம் என்று நாம் எப்படிச் சொல்ல முடியும்?

இப்போது கணக்குக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது வீட்டுப் பாடக் கணக்குத்தான். 24 வீடு, வீட்டுக்கு 5 பேர் என்று வைத்துக்கொண்டால் 120 பேர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 400 கிராம் குப்பை என்று போட்டால் 48 கிலோ வருகிறது. நம் சமையல் எப்படிப்பட்டது என்று தெரியுமல்லவா, அதில் பாதிக்கு மேல் மக்கும் குப்பை. 28 கிலோ ஈரக் குப்பை, 20 கிலோ காய்ந்த குப்பை என்று பிரித்துக்கொள்வோம்.

இந்த இரண்டும் தொட்டியில் நடந்துகொள்ளும் விதம் வேறு. காய்கறித் தோல், சோறு, எலும்பு எல்லாம் படிந்து அமுங்கிவிடும். ஒரு லிட்டர் இடத்தில் ஏறக்குறைய அரை கிலோ உட்கார்ந்துவிடும். பால் கவர், அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் டப்பா எல்லாம் காற்றை வைத்துக்கொண்டு நிற்கும். ஒரு கிலோவுக்குப் பத்து லிட்டர் இடம் கேட்கும். அதாவது 28 கிலோ ஈரக் குப்பைக்கு 60 லிட்டர் போதும். அதைவிடக் குறைந்த எடையுள்ள காய்ந்த குப்பைக்கு 200 லிட்டர் வேண்டும். நம் குடியிருப்புகளில் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மக்கும் குப்பைக்குப் பெரிய தொட்டி, காய்ந்த குப்பைக்கு ஏதோ ஒரு பெயிண்ட் வாளி. வாளி நிரம்பியதும் பிளாஸ்டிக்கும் பெரிய தொட்டிக்கே போய்விடுகிறது. பிரிப்பது அன்றோடு முடிந்தது.

எடையைப் பாருங்கள். கடையில் பச்சை, நீல நிறத்தில் சக்கரம் வைத்து விற்கும் 240 லிட்டர் தொட்டியைக் காய்ந்த குப்பையால் நிரப்பினால் சுமார் 24 கிலோ. அதே தொட்டியை ஈரக் குப்பையால் நிரப்பினால் 120 கிலோ. அந்த அளவுத் தொட்டி தாங்கும் சுமை என்று பொதுவாகக் குறிக்கப்படுவது 96 கிலோதான். முதலில் சக்கரத்தின் அச்சு வளையும், பிறகு அடிப்பாகம் விரிசல் விடும். தொட்டி பழுதாகுமுன்பே அதை இழுப்பவரின் இடுப்பு பழுதாகியிருக்கும்.

எனவே அறக்கட்டளை சொல்வது இதுதான். மக்கும் குப்பைக்குச் சிறிய தொட்டிகள், எண்ணிக்கை அதிகம். மக்காத குப்பைக்குப் பெரிய தொட்டி, எண்ணிக்கை குறைவு. நாம் கணக்கிட்ட 24 வீட்டுக்கு, ஒரு நாள் வண்டி வராமல் போனாலும் தாங்க வேண்டும், வெள்ளிக்கிழமை பிரியாணியும் இருக்கிறது என்பதால், ஈரக் குப்பைக்கு 120 லிட்டர் இடம் வைத்துக்கொள்ளலாம். அதை ஒரே 120 லிட்டர் தொட்டியாக வாங்காமல் 40 லிட்டர் தொட்டிகள் மூன்றாக வாங்குங்கள். ஒவ்வொன்றும் நிரம்பினால் 20 கிலோ. இருபுறமும் கைப்பிடி இருந்தால் இருவர் பிடித்து மாநகராட்சியின் பேட்டரி வண்டியில் கவிழ்த்துவிடலாம். காய்ந்த குப்பைக்குச் சக்கரம் வைத்த 240 லிட்டர் ஒன்று. அந்தப் பகுதியில் காய்ந்த குப்பையைத் தினமும் எடுப்பதில்லை என்றால் இரண்டு.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. உங்கள் தெருவுக்குள் தூக்கி வைத்த லாரி, அதாவது தொட்டியைத் தானே பிடித்துக் கவிழ்த்துக்கொள்ளும் இயந்திரக் கை உள்ள லாரி வருகிறது என்றால், சக்கரமும் மேல் விளிம்பும் உள்ள 120 லிட்டர் தொட்டிதான் சரி. 40 லிட்டர் தொட்டி அந்தக் கையில் நிற்காது. ஆகவே கடைக்குப் போகுமுன் ஒரு காலை நேரம் வாசலில் நின்று எந்த வண்டி வருகிறது, யார் எப்படி எடுக்கிறார்கள் என்று பாருங்கள். எடுப்பவரிடமே கேளுங்கள். நாங்கள் பேசிப் பார்த்த தூய்மைப் பணியாளர்கள் நிறத்தைப் பற்றியோ அழகைப் பற்றியோ ஒன்றும் சொல்லவில்லை. "இடுப்புக்கு மேலே உயரம் வேண்டாம், பிடிக்க ஒரு காது வேண்டும், தண்ணி தேங்கக் கூடாது" என்றார்கள். ஒரு குடியிருப்பின் பொதுக்குழு இரண்டு மணி நேரம் பேசினாலும் இதைவிடத் தெளிவான முடிவுக்கு வராது.

தொட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். கனமான எச்.டி.பி.இ. பிளாஸ்டிக் நல்லது. தகரம் வேண்டாம். குப்பைச் சாறும் கடற்காற்றும் சேர்ந்தால் அடிப்பாகம் துருப்பிடித்து ஓட்டையாகிவிடும். வெயில் படும் இடத்தில் வைப்பதானால் வெயிலைத் தாங்கும்படி செய்த ரகமா என்று கேளுங்கள், மலிவான பிளாஸ்டிக் வெயிலில் நொறுங்கும். உள்பக்கம் வழவழப்பாக இருக்க வேண்டும். மடிப்பும் மூலையும் இருந்தால் அங்கே ஒட்டியது போகாது. காலால் மிதித்துத் திறக்கும் மூடி பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஒரு வீட்டில் அது உழைக்கும், 24 வீட்டுப் பிள்ளைகள் மிதித்தால் அந்தக் கம்பி எவ்வளவு நாள் நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். தொட்டியோடு கீல் போட்டு இணைந்த மூடியே போதும். தனியாகக் கழன்று வரும் மூடி ஒரு மாதத்தில் காணாமல் போய்விடும். கிரிக்கெட் ஸ்டம்புக்குப் பக்கத்தில் தேடினால் கிடைக்கலாம்.

மூடி கட்டாயம் வேண்டும். இரவில் பாத்திரங்களை மூடி வைக்கச் சொன்ன நபிமொழி உணவுக்கும் தண்ணீருக்கும் உரியது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் எலி, கரப்பான், ஈ மூன்றும் குப்பைத் தொட்டியிலிருந்து கிளம்பி நேராக அந்தப் பாத்திரத்துக்குத்தான் வருகின்றன. மழைக் காலத்தில் மூடியில்லாத தொட்டியில் தண்ணீர் தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீர் தேங்கும் பாத்திரத்தின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே முட்டையை ஒட்டிவிடும். அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி தண்ணீர் பட்டால் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கவிழ்த்துக் கொட்டினால் மட்டும் போதாது, வாரம் ஒரு முறை பிரஷ் போட்டுத் தேய்க்க வேண்டும். பழைய டிரம்மை ஓரமாகப் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதற்கும் இது பொருந்தும். அதை இந்த வாரமே காயலான் கடைக்குக் கொடுத்துவிடுங்கள்.

காயலான் கடை என்ற சொல் காயல்பட்டினத்து வியாபாரிகளால் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மையோ இல்லையோ, பழைய பொருளுக்கு விலை உண்டு என்பதை நம் சமுதாயத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேப்பர், அட்டை, பாட்டில், அலுமினியம் இவற்றைச் சாக்கு ஒன்றில் தனியாகச் சேர்த்தால் காய்ந்த குப்பைத் தொட்டியின் பாரம் நிறையக் குறையும். வரும் காசு தொட்டி கழுவும் செலவுக்கு உதவும்.

எங்கே வைப்பது என்பதில் பல குடியிருப்புகளில் சண்டையே நடக்கிறது. யார் வீட்டு ஜன்னலுக்குக் கீழே என்பதுதான் சண்டை. அதற்குமுன் பார்க்க வேண்டியவை இரண்டு. தரையடித் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்கு அருகில் வைக்காதீர்கள். குப்பைச் சாறு வழிந்து மூடியின் இடுக்கில் இறங்கினால் நாம் ஒளூச் செய்யும் தண்ணீரிலும் குடிக்கும் தண்ணீரிலும் அது கலக்கும். மின்சார மீட்டர் பெட்டிக்குக் கீழேயும் வைக்காதீர்கள். காய்ந்த குப்பையில் ஒரு சிகரெட் துண்டு விழுந்தால் போதும். இவை தவிர்த்து, வாசலுக்கு அருகில், படி இறங்காமல் இழுத்துச் செல்லும் இடமாகப் பாருங்கள். முடிந்தால் பக்கத்தில் ஒரு குழாயும் கழிவுநீர்க் குழிக்குப் போகும் வழியும் இருக்கட்டும். ஜன்னல் சண்டை அதற்குப் பிறகு பெரும்பாலும் அடங்கிவிடும், ஏனென்றால் மூடியும் கழுவலும் இருந்தால் நாற்றம் பாதிக்கு மேல் போய்விடுகிறது. மாடிக்கு மாடி ஒரு தொட்டி வைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. படிக்கட்டில் சாறு சொட்டும், நடைபாதை அடைபடும், நான்கு மாடி ஏறி இறங்கும் வேலை மறுபடி அந்தப் பெண்மணி தலையில்தான் விழும்.

பிரித்துப் போடுவது நம் விருப்பத்துக்கு விட்ட விஷயம் அன்று. 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று மூன்றாகப் பிரித்துத் தர வேண்டும் என்று சொல்லிவிட்டன. பச்சை மக்கும் குப்பைக்கு, நீலம் மக்காததற்கு என்பது இப்போது குழந்தைகளுக்கும் தெரியும். நிறத்தோடு, மூடியின் மேல் படமும் ஒட்டுங்கள். நம் குடியிருப்புகளில் தமிழ் படிப்பவர், உருது படிப்பவர், எதுவும் படிக்காத பாட்டிமார் எல்லோரும் இருக்கிறார்கள். வாழைப்பழத் தோல் படமும் பாட்டில் படமும் எல்லோருக்கும் புரியும். மூன்றாவதாக, சிவப்பு மூடி போட்ட சிறிய தொட்டி ஒன்று. டயபர், நாப்கின் ஆகியவற்றைச் செய்தித்தாளில் சுற்றி அதில் போடலாம். புனே நகரில் அப்படிச் சுற்றிய பொட்டலத்தின் மேல் சிவப்புப் புள்ளி ஒன்று வைத்துத் தரும்படி குப்பை சேகரிக்கும் பெண்களே கேட்டு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். பேனாவால் ஒரு புள்ளி, அவ்வளவுதான். கை வைக்குமுன் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஊசியைத் தடித்த பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டுத் திருகி மூடி, பாட்டில் நிரம்பியதும் தனியாகக் கையில் சொல்லிக் கொடுங்கள்.

நம் குடியிருப்புகளுக்கே உரிய ஒன்று உண்டு. அரபு ஆயத்துகள் அச்சிட்ட காலண்டர் தாள்கள், பிஸ்மில்லாஹ் போட்ட திருமண அழைப்பிதழ்கள், பிள்ளைகளின் பழைய யஸ்ஸர்னல் குர்ஆன் ஏடுகள். இவற்றைக் காய்ந்த குப்பையில் போட மனம் வராமல் பலர் அலமாரியில் வருடக்கணக்கில் சேர்த்து வைக்கிறார்கள். போட்டுவிடுபவர்களும் இருக்கிறார்கள். அதைக் கண்டு மனம் நொந்து எங்களிடம் வந்து சொன்ன பெரியவர்களும் இருக்கிறார்கள். தரையில் வைக்காமல், சுவரில் மாட்டிய சிறிய மரப்பெட்டி ஒன்று போதும். அதைத் தொட்டிகளின் பக்கத்தில் வைக்காமல் படிக்கட்டின் தொடக்கத்தில் மாட்டுங்கள். மாதம் ஒரு முறை எடுத்துப் பள்ளிவாசலில் ஒப்படைத்தால் முறைப்படி அடக்கம் செய்துவிடுவார்கள். இந்தப் பெட்டியை அறக்கட்டளையே செய்து தரும்.

ரமளானில் கணக்கு மாறும். பேரீச்சங்கொட்டை, தர்பூசணித் தோல், பேப்பர் கப் எல்லாம் கூடும். நோன்புக் கஞ்சி மிஞ்சினால் தயவுசெய்து தொட்டியில் ஊற்றாதீர்கள். வீண்விரயம் பற்றிய பேச்சை ஆலிம்கள் பேசுவார்கள், நாங்கள் தொட்டிப் பேச்சு மட்டும் பேசுகிறோம். ஐந்து லிட்டர் கஞ்சி மற்றக் குப்பையோடு சேர்ந்தால் தொட்டி முழுவதும் ஒரே சாறாகி, கவிழ்க்கும்போது பணியாளரின் மேல் வழிகிறது. மிஞ்சும் என்று தெரிந்ததும் இஷாவுக்கு முன்பே பக்கத்து வீட்டுக்கோ தெருமுனைக்கோ அனுப்பிவிடுங்கள். அந்த ஒரு மாதத்துக்கு மட்டும் 40 லிட்டர் தொட்டி ஒன்று கூடுதலாக வேண்டியிருக்கும்.

குர்பானிக் கழிவுக்கு எந்தத் தொட்டியும் போதாது, ஆகவே அது தொட்டிக்குள் வரவே கூடாது. தோல் மதரஸாவுக்கோ அநாதை இல்லத்துக்கோ போய்விடுகிறது. இரைப்பைக் கழிவும் இரத்தமும்தான் தங்கிவிடுகின்றன. சென்னை வெயிலில் மதியத்துக்குள் நாற்றம் எடுத்துவிடும். பெருநாளுக்கு ஒரு வாரம் முன்பே வார்டு அலுவலகத்தில் சொல்லித் தனி வண்டி கேளுங்கள், பல குடியிருப்புகள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுத்தால் இன்னும் நல்லது. கெட்டியான சாக்கில் இரட்டைக் கட்டுக் கட்டி, வண்டி வரும் நேரத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும். நம் பெருநாள் மறுநாள் அடுத்த தெருக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தால், அண்டை வீட்டார் உரிமை பற்றி நாம் கேட்ட பயான்கள் எங்கே போயின?

இனிப் பணம். "ஸகாத் நிதியில் வாங்கித் தரலாமே" என்று இரண்டு மூன்று மனுக்களில் எழுதியிருக்கிறார்கள். முடியாது. ஸகாத்துக்கு உரிய எட்டு வகையினர் யார் என்று குர்ஆன் வகுத்திருக்கிறது. சொந்தவீட்டுக்காரர்களின் கட்டடத்துக்குத் தொட்டி வாங்குவது அதில் வராது. தொட்டி கட்டடத்தின் சொத்து, அதை வீட்டு உரிமையாளர்கள் வாங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. வாடகைக்கு இருப்பவர் வருவார், போவார். கழுவும் செலவு, பினாயில், பிளீச்சிங் பவுடர் ஆகியவற்றைப் பராமரிப்புப் பணத்தில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். வசதி குறைந்த குடியிருப்புகளுக்குப் பொது ஸதகா நிதியிலிருந்து பாதித் தொகை தர அறக்கட்டளை முடிவு செய்திருக்கிறது. அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தொட்டியை வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவப்போகிறவர் யார், அவருக்கு மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று மனுவில் எழுதியிருக்க வேண்டும். தூய்மைப் பணியாளரிடம் "அப்படியே கொஞ்சம் கழுவிடும்மா" என்று சொல்வது கணக்கில் வராது. அவருடைய வேலை எடுத்துச் செல்வது. கழுவவும் அவரையே கேட்பதானால் கூலி பேசி, அன்றே கையில் கொடுத்துவிடுங்கள்.

மாடியிலிருந்து கவரைக் கட்டி வீசும் பழக்கத்தைப் பற்றிப் பெண்கள் பகுதியிலிருந்து சீட்டு வந்திருக்கிறது. எழுதியவர் தரைத் தளத்தில் குடியிருப்பவராம், துணி உலர்த்தும் கொடியில் மீன் தலை விழுந்ததாம். மூன்றாம், நான்காம் மாடியில் முழங்கால் வலியோடு இருக்கும் முதியவர்கள் இறங்க முடியாமல் செய்கிறார்கள் என்றால் அதற்கு வழி உண்டு. ஃபஜ்ர் தொழுகைக்கு இறங்கும் இளைஞர்கள் அந்த வீட்டு வாசலில் வைத்த இரண்டு வாளியையும் கையோடு எடுத்து வரலாம். எந்தெந்த வீடு என்று பட்டியல் போட்டு ஒட்டிவிடுங்கள். முழங்கால் நன்றாக இருப்பவர்கள் வீசுகிறார்கள் என்றால், சங்கப் பொறுப்பாளர்கள் வீட்டுக்கே போய் உட்கார்ந்து பேச வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் எழுதியவர் மட்டும்தான் படிக்கிறார்.

வாசல் மேசையில் 40, 120, 240 லிட்டர் தொட்டிகள் மாதிரிக்கு வைத்திருக்கிறோம். 40 லிட்டர் தொட்டியில் 20 கிலோ மணல் போட்டிருக்கிறது. கூட்டம் கலைந்து போகுமுன் சங்கப் பொறுப்பாளர்கள் ஒவ்வொருவரும் அதை இடுப்பு உயரத்துக்கு ஒரு முறை தூக்கிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் மனுப் படிவத்தை வாங்கிக்கொள்ளுங்கள். படிவங்கள் அடுத்த மாத முதல் ஜும்ஆ வரை பெறப்படும், இன்ஷா அல்லாஹ்.